ஊற்றியவர் யாருமில்லாத நஞ்சு

தண்ணீர் கெட்டுப்போனதாகக் கேள்விப்பட்டால் நம் ஊரில் முதலில் சுற்றுமுற்றும் பார்ப்போம். எங்கே ஆலை, எங்கே சாயப்பட்டறை, யார் இரவோடு இரவாகத் திறந்துவிட்டார்கள் என்று தேடுவோம். வாணியம்பாடியின் தோல் தொழிற்சாலைகளும் நொய்யலில் கலந்த சாயக்கழிவும் நமக்குப் பழக்கிவிட்ட பார்வை அது. தவறான பார்வை என்று சொல்லமாட்டேன். பெரும்பாலும் யாரோ ஒருவர் ஊற்றத்தான் செய்திருப்பார்.

வங்காளத்தில் அந்தப் பார்வை உதவவில்லை. தண்ணீர்ப் பரிசோதனைதான் என் தொழில். சில ஆண்டுகள் கொல்கத்தாவில் தங்கி, நதியா, வடக்கு 24 பர்கானா மாவட்டங்களின் கிராமங்களுக்கு மாதிரி எடுக்கப் போய்வந்தவள் நான். கண்ணுக்கு எட்டிய தூரம் நெல், சணல், வாழை, வீட்டுக்கு வீடு குளம். புகைபோக்கி என்று சொல்ல இருந்ததெல்லாம் செங்கல் சூளைகள்தான். அந்தப் பச்சைக்கு அடியில் ஓடும் தண்ணீரைக் குடித்துத்தான் எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மக்கள் ஆர்செனிக் என்ற நஞ்சால் நோய்க்கு ஆளானார்கள். 2000இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் ஆலன் ஸ்மித்தும் அவருடைய சகாக்களும், ஒரு மக்கள்தொகைக்கு நேர்ந்த வரலாற்றின் மிகப்பெரிய நஞ்சூட்டல் இதுதான் என்று எழுதினார்கள். வங்கதேசத்தின் அன்றைய 12.5 கோடி மக்களில் 3.5 கோடி முதல் 7.7 கோடி பேர் வரை ஆபத்தில் இருப்பதாக அவர்கள் கணக்கிட்டார்கள். போபாலையும் செர்னோபிலையும் விடப் பெரியது என்றும் சொன்னார்கள்.

இதைப் பற்றிப் பேசும் அதிகாரிகள் எல்லாரும் ஒரு வாக்கியத்தில் வந்து இளைப்பாறுவார்கள்: "இது இயற்கையாகவே மண்ணில் இருப்பது." உண்மைதான். ஆனால் அந்த உண்மையைச் சொல்லிவிட்டுக் கையைக் கழுவிக்கொள்வதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். ஆர்செனிக்கை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது இமயமலையும் ஆறுகளும். அதை நிலத்தடியிலிருந்து டம்ளருக்கு ஏற்றியது மனிதர்கள் எடுத்த முடிவுகள். எங்கே துளை போடுவது, எவ்வளவு ஆழம் போவது, எதைச் சோதிப்பது, எதைச் சோதிக்காமல் விடுவது, நல்ல குழாயை யார் வீட்டு வாசலில் வைப்பது என்று ஒவ்வொன்றையும் யாரோ தீர்மானித்திருக்கிறார்கள்.

கதை நல்ல எண்ணத்தில்தான் தொடங்கியது. அன்றைய கிழக்கு வங்காளத்தில் மக்கள் குளத்து நீரையும் ஆற்று நீரையும் குடித்தார்கள். அதே குளத்தில்தான் குளியல், துவையல், மாடு கழுவுதல் எல்லாம். காலராவும் வயிற்றுப்போக்கும் குழந்தைகளை வாரிக்கொண்டு போயின. 1970களில் யூனிசெஃப் அமைப்பும் வங்கதேசத்தின் பொதுச் சுகாதாரப் பொறியியல் துறையும் ஊர் ஊராக அடிகுழாய்க் கிணறுகள் போட்டன. மண்ணுக்கு அடியில் இருந்து வரும் தண்ணீரில் கிருமி இருக்காது என்பது கணக்கு. கிருமியைப் பொறுத்தவரை அந்தக் கணக்கு சரி. பிறகு மக்கள் தாங்களே சொந்தக் காசில் போட ஆரம்பித்தார்கள். தலைச்சுமையாகத் தண்ணீர் தூக்கிய பெண்களுக்குத் தங்கள் முற்றத்திலேயே ஒரு குழாய் என்பது எவ்வளவு பெரிய விடுதலை என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நூற்றாண்டு முடிவதற்குள் அந்த நாட்டில் இப்படிப்பட்ட கிணறுகள் பல லட்சங்களாகப் பெருகிவிட்டன.

அந்தக் கிணறு எப்படித் தோண்டப்படுகிறது என்று பார்த்தால்தான் மற்றது புரியும். நம் ஊரில் போர் போட லாரி வரும், கம்ப்ரஸர் வரும், தெருவே அதிரும், பாறைத்தூள் வெள்ளையாகப் பறக்கும். வங்காளச் சமவெளியில் பாறையே கிடையாது. எத்தனை அடி போனாலும் மணலும் களிமண்ணும்தான். எனவே இயந்திரம் வேண்டியதில்லை. மூங்கிலில் ஒரு சாரம் கட்டுகிறார்கள். சாணம் கரைத்த நீர் நிரம்பிய சிறு குழியில் இரும்புக் குழாயைச் செங்குத்தாக நிறுத்துகிறார்கள். கீழே இரண்டு மூன்று பேர் மூங்கில் நெம்பை மிதித்து அந்தக் குழாயைத் தூக்கித் தூக்கிப் போடுகிறார்கள். சாரத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் மிஸ்திரி தன் உள்ளங்கையால் குழாயின் வாயை மூடித் திறக்கிறார். குழாய் மேலே எழும்போது கை மூடும், கீழே இறங்கும்போது கை விலகும். விலகும் கணத்தில் சேறும் மணலும் கலந்த நீர் குபுக்கென்று வெளியே பாய்கிறது. மனிதனின் உள்ளங்கைதான் அங்கே வால்வு. சாணம் துளையின் சுவர் சரியாமல் காக்கிறது. இப்படியே நூற்றைம்பது அடியை ஒரே நாளில் முடித்துவிடுவார்கள்.

நான் நின்று பார்த்த ஒரு வேலையில் மிஸ்திரி வயதானவர். கை தோல் தடித்து மரத்துப்போயிருந்தது. ஒவ்வொரு குழாய் இறங்கியதும் வெளியே வந்த மணலில் ஒரு பிடி எடுத்து, வாழை இலையில் வரிசையாகக் குவித்துக்கொண்டே வந்தார். முதலில் சாம்பல் நிறக் களி. பிறகு கறுப்பாக, அபிரகத் துகள் மின்னும் நைஸ் மணல். அதற்கும் கீழே, தடித்த களிமண் அடுக்கு ஒன்றைத் தாண்டியதும் மணலின் நிறம் மாறியது. செம்மண் கலந்தது போலப் பழுப்புச் சிவப்பு. "இதில்தான் ஃபில்டரை, தண்ணீர் உள்ளே வரும் சல்லடைக் குழாயை, வைக்க வேண்டும். கறுப்பு மணலில் வைத்தால் தண்ணீரில் இரும்பு வாடை வரும், டீ கறுத்துவிடும், இப்போது என்னென்னவோ நோய் என்றும் சொல்கிறார்கள்" என்றார். அவர் எந்த ஆய்வுக் கட்டுரையையும் படித்தவர் அல்லர். வங்கதேசத்தின் மத்லப் பகுதியில் ஆய்வாளர்கள் பின்னாளில் மணலின் நிறத்தையும் தண்ணீரின் ஆர்செனிக்கையும் ஒப்பிட்டுப் பார்த்து, கிணறு தோண்டுபவர்கள் நிறத்தை வைத்துச் செய்யும் தேர்வு பெரிதும் நம்பத் தகுந்தது என்று எழுதியிருக்கிறார்கள்.

அந்த இரண்டு நிறங்களுக்கும் நடுவில் இருபதாயிரம் ஆண்டுக் கதை இருக்கிறது.

கடைசிப் பனியுகம் உச்சத்தில் இருந்தபோது கடல் இன்றைய மட்டத்தைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே இருந்தது. கடல் இறங்கியதால் கங்கையும் பிரம்மபுத்திராவும் தங்கள் படுகையைக் குடைந்துகொண்டு ஆழமாக ஓடின. மேட்டில் தங்கிவிட்ட பழைய மணல் பல்லாயிரம் ஆண்டு மழையில் நனைந்து, காற்றுப் பட்டு, துருப்பிடித்தது. அந்தத் துருதான் பழுப்புச் சிவப்பு. ஓடிய நீர் அதில் இருந்த அழுகல் பொருளையும் கரையக்கூடியதையும் பெரும்பாலும் கழுவிக்கொண்டு போய்விட்டது. பிறகு பனி உருகியது, கடல் ஏறியது, குடைந்த பள்ளங்களை ஆறுகள் புது வண்டலால் நிரப்பின. அவசர அவசரமாக நிரம்பிய அந்த வண்டலோடு இலை, வேர், சதுப்பு நிலச் செடிகள் எல்லாம் சேர்ந்து புதைந்தன. இதுதான் மேலே இருக்கும் கறுப்பு, சாம்பல் மணல்.

இந்தப் புது வண்டலில் ஆர்செனிக் மலை மலையாகக் குவிந்திருக்கவில்லை. ஒரு கிலோ மண்ணில் சில மில்லிகிராம்தான் இருக்கும். உலகின் சாதாரண மண்ணில் எல்லாம் அவ்வளவு இருக்கக்கூடும். இமயமலைப் பாறைகள் சிதையும்போது வெளிப்பட்ட ஆர்செனிக், மணல் துகள்களின் மேல் படிந்த இரும்புத் துருவில் ஒட்டிக்கொண்டு ஆற்றோடு வந்தது. துரு துருவாகவே இருக்கும்வரை அது பிடியை விடாது. சிக்கல் எங்கே என்றால், புதைந்த இலைதழைகளைத் தின்னும் நுண்ணுயிர்கள் அங்கே இருக்கின்றன. அவற்றுக்கு மூச்சுவிட ஆக்சிஜன் கிடைப்பதில்லை. ஆக்சிஜனுக்குப் பதிலாக இரும்புத் துருவைப் பயன்படுத்திக்கொள்கின்றன. துரு கரைகிறது, அதில் ஒட்டியிருந்த ஆர்செனிக் தண்ணீரில் இறங்குகிறது. 1998இல் நிக்சன், மெக்ஆர்தர் முதலானோர் நேச்சர் இதழில் இந்த விளக்கத்தை முன்வைத்தார்கள். 2004இல் மேற்கு வங்க வண்டலை வைத்துச் செய்த ஆய்வு நுண்ணுயிர்களின் பங்கை உறுதிப்படுத்தியது. பாசனத்துக்கு அளவுக்கு மீறி இறைத்ததால் நிலத்துக்குள் காற்று புகுந்து, கந்தகக் கனிமங்கள் சிதைந்துதான் ஆர்செனிக் வெளியேறியது என்ற இன்னொரு விளக்கமும் முன்பு செல்வாக்கோடு இருந்தது. இன்று பெரும்பாலோர் முதல் விளக்கத்தின் பக்கம். நுண்ணுயிருக்குத் தீனி எங்கிருந்து வருகிறது, பழைய புதைசதுப்பா, இன்றைய குளங்களின் அடியில் இருந்து இறங்கும் அழுகலா என்பதில் மட்டும் வாக்குவாதம் ஓயவில்லை.

வேதியியல் கண்டிப்போடு சொன்னால் ஆர்செனிக் முழு உலோகம்கூட இல்லை, உலோகப்போலி. சித்த மருத்துவர்கள் வெள்ளைப் பாஷாணம் என்று அறிந்த பொருள் இதன் ஆக்சைடுதான். தண்ணீரில் கரைந்துவிட்டால் நிறம் இல்லை, மணம் இல்லை, சுவை இல்லை. கொதிக்கவைத்தால் போகாது, நீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும்.

அளவைச் சொன்னால் பலருக்கு நம்பிக்கை வராது. உலக சுகாதார நிறுவனம் 1993இல் இருந்து சொல்லிவரும் எல்லை லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். அதற்கு முன் 50 ஆக இருந்தது. வங்கதேசம் அந்த 50ஐத்தான் இன்னும் தன் எல்லையாக வைத்திருக்கிறது. சென்னையில் நம் வீட்டு வாசலுக்கு வரும் 12,000 லிட்டர் லாரியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் அரை கிராமுக்குச் சற்று அதிகமாக ஆர்செனிக் கரைந்திருந்தால் அந்த 50 வந்துவிடும். அதைத் தினமும், பத்து இருபது ஆண்டுகள் குடிக்க வேண்டும். அப்போதுதான் உடல் சொல்ல ஆரம்பிக்கும். முதலில் மார்பிலும் முதுகிலும் மழைத்துளி விழுந்தது போன்ற கரும்புள்ளிகள், இடையிடையே வெளுத்த புள்ளிகள். பிறகு உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்து, மரு மருவாகக் கல்போல இறுகும். அதன் பிறகுதான் தோல், நுரையீரல், சிறுநீர்ப்பைப் புற்றுநோய்கள். தொழுநோய் என்று ஒதுக்கி வைத்தார்கள், சாபம் என்றார்கள். புள்ளி வந்த பெண்களைக் கட்டிக்கொள்ள ஆள் வரவில்லை, கட்டிக்கொண்டவர்கள் பிறந்த வீட்டுக்குத் திருப்பி அனுப்பினார்கள்.

1983இல் கொல்கத்தா வெப்பமண்டல மருத்துவக் கல்லூரியின் தோல் மருத்துவர் கே.சி. சாஹா இந்தப் புள்ளிகளைப் பார்த்து, இது ஆர்செனிக் என்று கண்டுகொண்டார். மேற்கு வங்கக் கிராமங்களில் இருந்து வந்த நோயாளிகள் அவர்கள். எல்லை தாண்டி வந்தவர்களும் பிறகு அவரிடம் வந்தார்கள். ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் தீபங்கர் சக்ரவர்த்தி 1988இல் இருந்து, 2018இல் இறக்கும்வரை, இதையே வாழ்க்கையாக வைத்துக்கொண்டார். பீதி கிளப்புகிறார் என்று அவரைத் திட்டாதவர்கள் குறைவு. வங்கதேச அரசின் துறை தன் மண்ணில் ஆர்செனிக்கை முதலில் கண்டது 1993இல், சாப்பாய் நவாப்கஞ்ச் மாவட்டத்தில். சாஹாவின் முதல் நோயாளிக்குப் பிறகு பத்து ஆண்டுகள். அந்தப் பத்து ஆண்டுகளும் புதுக் கிணறுகள் இறங்கிக்கொண்டேதான் இருந்தன.

யாருக்குத்தான் தெரியும் என்று கேட்பார்கள். தைவானின் தென்மேற்குக் கடற்கரைக் கிராமங்களில் கிணற்று நீரின் ஆர்செனிக்கால் தோல் புற்றுநோய் வருவதை, 40,421 பேரைப் பரிசோதித்து செங் என்ற மருத்துவரின் குழு 1968இலேயே வெளியிட்டிருந்தது. வங்காளத்தின் பெரும் கிணறு இயக்கம் தொடங்கும் முன்பே அது அச்சில் இருந்தது. ஆனாலும் புதுக் கிணற்றில் ஆர்செனிக்கைத் தேட யாருக்கும் தோன்றவில்லை. 1992இல் பிரிட்டிஷ் புவியியல் ஆய்வகம் வங்கதேசத்தின் சில பகுதிகளில் கிணற்று நீரைச் சோதித்து அறிக்கை தந்தது. பல தனிமங்களைப் பார்த்தார்கள், ஆர்செனிக்கைப் பார்க்கவில்லை. நோயாளியான ஒரு வங்கதேசக் கிராமவாசி லண்டன் நீதிமன்றத்துக்குப் போனார். அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 2006இல் அந்த வழக்கைத் தள்ளுபடி செய்தது. அந்த மனிதர் விஷயத்தில் ஆய்வகத்துக்குச் சட்டப்படியான பொறுப்பு எதுவும் இல்லை என்று தீர்ப்பு. சட்டம் தெரிந்தவர்கள் அது சரிதான் என்கிறார்கள். எனக்குச் சட்டம் தெரியாது. ஒரு கிணற்றைச் சோதித்தேன் என்று சொல்லும் தாளில் சோதிக்காதவற்றின் பட்டியலும் இருக்க வேண்டும் என்ற எண்ணம் மட்டும் எனக்கு அந்த வழக்கில் இருந்து வந்தது. என் ஆய்வகத்தில் அதற்காகச் சண்டையும் போட்டிருக்கிறேன்.

அதே பிரிட்டிஷ் ஆய்வகம்தான் பிறகு வங்கதேசத் துறையோடு சேர்ந்து நாடு தழுவிய ஆய்வைச் செய்தது. 61 மாவட்டங்களில் 3,534 கிணறுகள். 2001இல் வந்த அந்த அறிக்கை இன்றும் நாங்கள் திரும்பத் திரும்பப் புரட்டுவது. 150 மீட்டருக்குக் குறைவான ஆழமுள்ள கிணறுகளில் 27 சதவீதம் 50 மைக்ரோகிராமைத் தாண்டின. 150 மீட்டருக்குக் கீழே போனவற்றில் தாண்டியது ஒரு சதவீதம். மிஸ்திரியின் வாழை இலையில் நான் பார்த்த நிற மாற்றத்தைத்தான் அந்த இரண்டு எண்களும் சொல்கின்றன.

சராசரி எண்ணை விட என்னைத் திகைக்க வைத்தது அடுத்தடுத்த கிணறுகளுக்கு இடையே இருக்கும் வேறுபாடுதான். ஆறு வளைந்து வளைந்து படிய வைத்த மண், எனவே பத்து முப்பது அடிக்குள் எல்லாம் மாறிவிடும். ஒரு கிராமத்தில் அண்ணன் தம்பி இருவரின் வீடுகள், ஒரே முற்றம், ஆளுக்கொரு அடிகுழாய். கையடக்கச் சோதனைக் கருவியை முற்றத்துத் திண்ணையில் பரப்பினேன். பாட்டிலில் தண்ணீர் பிடித்து, அமிலப் பொடியைப் போட்டு, துத்தநாகத் தூளைக் கொட்டி, மூடியில் செருகிய காகிதப் பட்டை நனையாமல் திருகி மூட வேண்டும். உள்ளே நுரைத்துக்கொண்டு வாயு எழும்பும். தண்ணீரில் ஆர்செனிக் இருந்தால் அது ஆர்சைன் என்ற வாயுவாக மாறிப் பட்டையின் மீது மஞ்சள் கறையை உண்டாக்கும். கூடினால் பழுப்பு. ஆர்சைன் பொல்லாத வாயு, அதனால் திறந்த வெளியில்தான் செய்வோம். காத்திருக்கும் நேரத்தில் குழந்தைகள் சுற்றி நின்று எந்தப் பாட்டில் ஜெயிக்கும் என்று பந்தயம் கட்டின. மூத்தவர் வீட்டுப் பட்டை கிட்டத்தட்ட வெள்ளையாகவே இருந்தது. இளையவர் வீட்டுப் பட்டை நல்ல பழுப்பு.

"அப்படியானால் திதி (அக்கா), நாங்கள் இனி அந்தக் குழாயில் பிடிக்க வேண்டுமா?" என்று இளையவர் மனைவி என்னைக் கேட்டாள். ஓரகத்திகள் இருவருக்கும் பல மாதமாகப் பேச்சில்லை என்று எனக்கு அப்போது தெரியாது. மூத்தவள் கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "பௌதி (அண்ணி), நீங்கள் சரி என்றால் இந்த வீட்டுக்கு வேறு செலவே இல்லை" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள், ஓரகத்தியைப் பார்த்தாள். "குடிக்கவும் சமைக்கவும் மட்டும். துவைப்பதை அங்கேயே வைத்துக்கொள்ளட்டும்" என்றாள். மிகவும் துல்லியமான பரிந்துரை. துவைக்க, குளிக்க ஆர்செனிக் தண்ணீரால் பெரிய கெடுதல் இல்லை.

வங்கதேசத்தில் இதையே நாடு தழுவிச் செய்தார்கள். ஏறத்தாழ 50 லட்சம் கிணறுகளைக் கருவியால் சோதித்து, கெட்டதற்குச் சிவப்பும் நல்லதற்குப் பச்சையும் பூசினார்கள். சுமார் 14 லட்சம் சிவப்பு. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் வான் கீன் முதலானோர் 2000இல் இருந்து வேலை செய்த அரைஹஜார் பகுதியில், சிவப்புக் கிணற்றுக்காரர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வேறு கிணற்றுக்கு மாறினார்கள். ஒரு தாளும் ஒரு டப்பா பெயின்ட்டும் செய்த வேலை அது. பல கோடியில் நிறுவிய சுத்திகரிப்பு எந்திரங்கள் இரண்டு மழைக்காலத்தில் துருப்பிடித்துக் கோழிக் கூண்டானதை நான் பார்த்திருக்கிறேன். எனவே பெயின்ட்டின் மீது எனக்கு மரியாதை அதிகம். ஆனால் பெயின்ட் உதிர்ந்துவிடும். அதற்குப் பிறகு இறங்கிய லட்சக்கணக்கான புதுக் கிணறுகளுக்கு நீண்ட காலம் எந்த நிறமும் இல்லை.

அதே அரைஹஜாரில் ஏறத்தாழ 12,000 பேரை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தார்கள். 2010இல் லான்செட் இதழில் வந்த முடிவு: அங்கே நடந்த சாவுகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுக்கு, லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் ஆர்செனிக் இருந்த கிணற்று நீர் காரணம். கறுத்த மேடை உள்ள குழாய்களைப் பற்றியும் இங்கே சொல்லிவிடுகிறேன். இரும்பு அதிகமாக இருக்கும் நீர் குழாயடி மேடையைச் செங்காவியாக்கும், மாங்கனீஸ் அதிகமாக இருக்கும் நீர் கறுப்பாக்கும். கறுப்பு மேடைக் குழாய்களில் ஆர்செனிக் குறைவாக இருப்பது வழக்கம், அதனால் அவற்றை நோக்கிப் போங்கள் என்று சொல்லும் ஆய்வுகளும் உண்டு. ஆனால் மாங்கனீஸ் மிகுந்த நீர் குழந்தைகளின் அறிவுத்திறனைக் குறைப்பதோடு தொடர்புடையது என்று அரைஹஜாரிலேயே செய்த இன்னோர் ஆய்வு 2006இல் சொன்னது. ஒன்றில் இருந்து தப்பி இன்னொன்றில் விழாமல் இருக்க இரண்டையும் அளப்பதைத் தவிர வழியில்லை.

மேலே நஞ்சு, கீழே நல்ல நீர் என்றால் கீழே போக வேண்டியதுதானே? போனார்கள். ஆழ்கிணறு ஒரு சாதாரண வீட்டால் தாங்க முடியாத செலவு, எனவே அரசுதான் போட வேண்டும். அரசு போட்டது என்றால் யார் வாசலில் என்ற கேள்வி வரும். ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2016இல் வெளியிட்ட அறிக்கையைப் படித்தபோது நம் ஊர் பஞ்சாயத்துக் கூட்டம் ஒன்றில் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது. அரசு போட்ட புதுக் கிணறுகளில் பாதிக்கு இடம் தேர்ந்தெடுக்கும் உரிமை அன்று நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் இருந்தது. அவர்கள் தங்கள் ஆட்களுக்குக் கொடுத்தார்கள். ஆர்செனிக் குறைவாக இருந்த இடங்களிலும் கிணறு இறங்கியது. பொதுக் கிணறு தனியார் சுற்றுச்சுவருக்குள் போனது, வெளியே இருந்து வருபவள் குடத்தோடு வாசலில் நின்று கேட்க வேண்டியதாயிற்று. அரைஹஜாரில் வான் கீன் குழு வரைபடத்தில் புள்ளி வைத்துக் காட்டியதும் இதையேதான்: ஆழ்கிணறுகள் ஒரே இடத்தில் கொத்துக் கொத்தாக நிற்கின்றன. அவற்றைப் பரவலாக வைத்திருந்தால் இன்னும் எத்தனையோ வீடுகளுக்கு எட்டியிருக்கும். இயற்கையைக் குற்றம் சொல்ல இந்தக் கட்டத்தில் இடமே இல்லை.

இன்னொன்று, ஆழம் என்றால் சுத்தம் என்பது விதியல்ல. தைவானில் மக்களை நோயாளிகளாக்கியவை 100 மீட்டருக்கும் கீழே போன ஊற்றுக் கிணறுகள்தான். மேல்மட்ட நீர் உப்பாக இருந்ததால் அவர்கள் ஆழத்துக்குப் போனார்கள், ஆழத்தில்தான் அது காத்திருந்தது. வியட்நாமின் மீகாங் கழிமுகத்தில் நடந்தது இதைவிடக் கவலை தருவது. அங்கே ஆழ்மட்டத்துக் கிணறுகளில் ஆர்செனிக் தென்பட்டபோது, மேலே இருந்து இறங்கியிருக்கும் என்றுதான் முதலில் நினைக்கத் தோன்றும். ஸ்டான்ஃபோர்டின் லாரா எர்பன் குழு 2013இல் வேறு காரணத்தைக் காட்டியது. ஆழத்து மணல் அடுக்குகளுக்கு நடுவே களிமண் அடுக்குகள் இருக்கின்றன. மணலில் இருந்து நீரை அளவுக்கு மீறி இறைத்தால் அழுத்தம் குறைந்து களிமண் நசுங்குகிறது. நசுங்கும் களிமண் தனக்குள் பூட்டி வைத்திருந்த பழைய நீரை, அதில் கரைந்த ஆர்செனிக்கோடு சேர்த்து, மணலுக்குள் பிழிந்து விடுகிறது. நிலம் தாழ்வதைச் செயற்கைக்கோள் படங்களில் அளந்து, தாழ்ந்த இடங்களையும் கெட்ட கிணறுகளையும் பொருத்திப் பார்த்தார்கள். பிறகு கலிபோர்னியாவின் சான் வாக்கின் பள்ளத்தாக்கிலும் அதே தொடர்பு தெரிந்தது. அதாவது கிணறு போட்ட நாளில் நல்ல நீராக இருந்தது, இறைத்து இறைத்தே கெட்டுப்போகலாம்.

ஹனோய் அருகே வான் ஃபுக் என்ற கிராமத்தில் இன்னொரு வகை. நகரம் நீரை உறிஞ்ச உறிஞ்ச, ஆற்றோரத்துக் கறுப்பு மணலில் இருந்த ஆர்செனிக் நீர் பக்கவாட்டில் நகர்ந்து சிவப்பு மணலுக்குள் நுழைந்தது. ஐம்பது ஆண்டில் சுமார் 120 மீட்டர். தண்ணீர் நகர்ந்த வேகத்தைவிட மிக மெதுவாகத்தான், ஏனென்றால் துருப்பிடித்த மணல் வழியிலேயே ஆர்செனிக்கைப் பிடித்துப் பிடித்து வைத்துக்கொள்கிறது. இது நல்ல செய்தி என்று 2013இல் எழுதினார்கள். ஓரளவு நல்ல செய்திதான். சிவப்பு மணலுக்கும் ஒரு கொள்ளளவு உண்டு.

வங்காளத்து ஆழ்நீரைக் கணினியில் மாதிரி செய்து பார்த்த ஹோலி மைக்கேலும் கிளிஃபர்ட் வாஸும் 2008இலேயே சொன்ன ஆலோசனை மிக எளிது. ஆழத்து நீரைக் குடிக்க மட்டும் எடுங்கள், பாசனத்துக்கு மேல்மட்ட நீரையே எடுங்கள். அப்படிச் செய்தால் பெரும்பாலான இடங்களில் ஆழ்நீர் நெடுங்காலம் தாங்கும். குடிநீருக்கு வேண்டியது சொற்பம். கோடை நெல்லுக்கு வேண்டியது கடல். கோடை நெல்லுக்குக் கறுப்பு மணல் நீரைப் பாய்ச்சினால் வயலிலும் அரிசியிலும் ஆர்செனிக் சேர்கிறது என்பது வேறு தலைவலி. அதைக் காட்டித்தான் ஆழத்தில் பாசன போர் கேட்கிறார்கள். விவசாயி கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதற்கு அனுமதி தருகிறவர், அடுத்த தலைமுறையின் குடிநீரை இந்த ஆண்டு நெல்லுக்கு எழுதிக் கொடுக்கிறார். அதையும் பிறகு யாராவது இயற்கையின் கணக்கில் எழுதுவார்கள்.

நம் தெற்கத்தி நிலம் வேறு. இங்கே பெரும்பகுதி வண்டல் இல்லை, பாறை. தருமபுரி, கிருஷ்ணகிரி கிணறுகளில் ஃபுளோரைடு, அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் கோலார், சிக்கபள்ளாப்பூர் கிரானைட்டில் ஆயிரம் அடி தாண்டிய போர்களில் யுரேனியம். ஆர்செனிக் காற்றில்லாத நீரில் கரைகிறது என்றேன். யுரேனியம் அதற்கு நேர்மாறு, ஆக்சிஜனும் பைகார்பனேட்டும் உள்ள நீரில்தான் கரையும். கதிர்வீச்சைவிட அதன் வேதிநச்சு சிறுநீரகத்துக்குக் கெடுதல். 2011இல் இருந்து உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லிட்டருக்கு 30 மைக்ரோகிராம்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது சித்தப்பா மகன் புது போர் போட்டிருந்தான். தண்ணீர் சுத்திகரிப்பான் விற்க வந்த பையன் பேனா மாதிரி ஒரு மீட்டரை டம்ளரில் விட்டு, "டிடிஎஸ் 420, அருமையான தண்ணீர் சார்" என்று சொல்லிவிட்டுப் போனானாம். "அக்கா, சரிதானே?" என்று கேட்டான். அந்த மீட்டர் ஒரு லிட்டரில் கரைந்திருக்கும் மொத்த உப்பை அளக்கும். 420 மில்லிகிராமில் 0.05 மில்லிகிராம் ஆர்செனிக் ஒளிந்திருந்தால் அதற்குத் தெரியவே தெரியாது. அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் ஒன்றுக்கு மாதிரியை அனுப்பச் சொன்னேன். ஆர்செனிக், யுரேனியம், மாங்கனீஸ், ஃபுளோரைடு என்று நான்கு பெயரும் ரசீதில் இருக்கிறதா என்று பணம் கட்டும் முன்பே பார்த்துக்கொள், இல்லையென்றால் வேறு ஆய்வகம் தேடு, அடுத்த ஆண்டு கோடையில் மறுபடியும் அனுப்பு என்றேன். "ஒரு தடவை பார்த்தால் போதாதாக்கா?" என்றான். இறைக்கப் போகிறாய் அல்லவா, அதனால் போதாது என்றேன்.